பவர் பாயிண்ட் போடும் முன்: கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எலக்ட்ரிக்கல் கடை வைத்து இது பதினெட்டாவது வருடம். அதற்கு முன் ஒன்பது வருடம், ஏணியும் டெஸ்டருமாகக் கடலூருக்கும் பாண்டிக்கும் இடையில் வீடு வீடாக வயரிங் வேலை பார்த்தேன். பங்குனி பிறந்தால் ஏசி பாயிண்ட், ஐப்பசி பிறந்தால் கீசர் பாயிண்ட் என்று கேள்விகள் வருடம் தவறாமல் வரும். கல்லாவில் ஒரு நோட்டு வைத்து அவற்றைக் குறித்துக்கொண்டே வந்தேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைக் கொடுத்திருக்கிறேன், திருத்தவில்லை.

அண்ணே, ஏசி வாங்கியிருக்கோம். ஹை வோல்டேஜ் பாயிண்ட் ஒண்ணு போடணும். எவ்வளவு ஆகும்?

நம் வீடுகளில் ஹை வோல்டேஜ், லோ வோல்டேஜ் என்று இரண்டு கிடையாது. செல்போன் சார்ஜருக்கு வருவதும் 230 வோல்ட், ஒன்றரை டன் ஏசிக்குப் போவதும் அதே 230 வோல்ட். மாறுவது ஆம்பியர், அதாவது ஓடுகிற கரண்டின் அளவு. சைக்கிள் போகிற சந்தில் நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போகிற கரும்பு லாரியை விட முடியாது, இல்லையா? அதேபோல் அதிக ஆம்பியருக்குத் தடித்த வயர், பெரிய சாக்கெட், தனி எம்சிபி (கரண்ட் அளவை மீறினால் தானாக விழுகிற சுவிட்ச்) வேண்டும். இந்த மொத்த ஏற்பாட்டுக்குத்தான் பவர் பாயிண்ட் என்று பெயர்.

'ஹை வோல்டேஜ்' என்ற பேச்சு பெரும்பாலும் அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளிலிருந்து வருகிறது. அங்கே சாதாரண சாக்கெட் 120 வோல்ட். துணி உலர்த்தும் மெஷின், மின்அடுப்பு போன்றவற்றுக்கு மட்டும் தனியாக 240 வோல்ட். நமக்கு அந்தப் பிரிவினை இல்லை. செலவு எவ்வளவு என்பதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன். நடுவில் இருப்பதைப் படிக்காமல் அது புரியாது.

ஒருத்தர் 5 ஆம்ப்ங்கறார், இன்னொருத்தர் 6ங்கறார். 15ஆ, 16ஆ? எதைத்தான் வாங்கறது?

பழைய பேரும் புதிய பேரும்தான். அப்போது 5, 15 என்றார்கள்; இப்போது 6, 16. ஐஎஸ் 1293 என்ற தரக்குறியீட்டின் கீழ் வருகிற மூன்று ஓட்டை சாக்கெட்டுகள்தான் இவை. சின்னது 6, பெரியது 16. இரண்டிலும் மேலே இருக்கிற பருத்த ஓட்டை எர்த், அதாவது கசிகிற கரண்டை மண்ணுக்கு இறக்குகிற வழி. அந்தப் பின் மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மாட்டும்போது எர்த் முதலில் சேர வேண்டும், கழற்றும்போது கடைசியில் பிரிய வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். சாக்கெட்டுக்கு நேராக நின்றால் வலப்பக்கம் பேஸ் (கரண்ட் வருகிற கம்பி), இடப்பக்கம் நியூட்ரல் (அது திரும்பிப் போகிற கம்பி).

சாக்கெட்டைப் பெரியதாக வாங்கிவிட்டு, பக்கத்தில் 6 ஆம்ப் சுவிட்சைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சுவிட்சும் 16 ஆம்பியருக்கு உரியதாக இருக்க வேண்டும்.

எந்தெந்த சாமானுக்கு பெரிய பாயிண்ட் கட்டாயம் வேணும்?

சாமானின் முதுகில் ஒட்டியிருக்கிற சீட்டில் வாட் இருக்கும். அதை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர். 2000 வாட் கீசர் என்றால் சுமார் 8.7 ஆம்ப், 3000 வாட் இன்ஸ்டன்ட் கீசர் 13 ஆம்ப். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பும் கீசர் கணக்குதான். முன்பக்கம் கதவு வைத்த வாஷிங் மெஷின்களில் வெந்நீர் ஹீட்டர் உள்ளேயே இருப்பதால் அவையும் 2000 வாட் பக்கம் போகும். மிக்ஸி, கிரைண்டர், பிரிட்ஜ், டிவி எல்லாம் 6 ஆம்பியருக்குள் அடங்கிவிடும்.

ஏசி மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. ஒன்றரை டன் ஓடும்போது ஏழெட்டு ஆம்ப்தான் எடுக்கும். ஆனால் இன்வெர்ட்டர் இல்லாத பழைய வகை என்றால், கம்ப்ரஸர் கிளம்புகிற அந்த ஒரு நொடியில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். அதற்காகத்தான் ஏசிக்கு 20 அல்லது 25 ஆம்ப் பாயிண்ட் என்று கேட்கிறோம்.

பெரிய பின்னை சின்ன சாக்கெட்டில் மாட்ட ஒரு கன்வர்ட்டர் பிளக் விக்குதே, அது போதாதா?

இஸ்திரிப் பெட்டிக்கு அவசரத்துக்கு வேண்டுமானால் பரவாயில்லை. கீசருக்கு வேண்டாம். கன்வர்ட்டர் பின்னின் உருவத்தைத்தான் மாற்றும். பின்னால் இருக்கிற சாக்கெட்டும் வயரும் அதே 6 ஆம்ப்தான்.

தேவனாம்பட்டினத்தில் ஒரு வீடு. இரண்டு வாரமாகச் சமையலறையில் மீன் நாற்றம் என்று அந்த அம்மா அலமாரி, தொட்டி, மொட்டை மாடி எல்லாம் கழுவிப் பார்த்துவிட்டார். வீட்டில் மீன் சமைத்துப் பத்து நாள் ஆகியிருந்தது. பழி பூனை மேல். ஃபேன் மாட்டப் போன நான் மோப்பம் பிடித்துக்கொண்டே போனால், மைக்ரோவேவ் மாட்டியிருந்த கன்வர்ட்டர். சாக்கெட்டின் வலது ஓட்டையைச் சுற்றி டீக்கறைபோல் ஒரு பழுப்பு வளையம். பிளக்கை இழுத்தபோது பின் கருத்து, அதில் உருகின பிளாஸ்டிக் நூலாக ஒட்டி வந்தது. சூடான சாக்கெட், பிளக் பிளாஸ்டிக்குகளில் சில வகை இப்படி மீன் வாடைதான் அடிக்கும். மீன் ஊரில் அதை யார் சந்தேகப்படுவார்கள்?

பழைய போர்டுலயே சாக்கெட்டை மட்டும் பெருசா மாத்தினா ஆகாதா?

அதிகம் கேட்கப்படுகிற கேள்வி இதுதான், அதிகம் செய்யப்படுகிற தப்பும் இதுதான். பழைய போர்டுக்கு வந்திருக்கிற வயர் 1 அல்லது 1.5 ஸ்கொயர் எம்எம்மாக இருக்கும். விளக்குக்கும் ஃபேனுக்கும் போட்டது. அதில் 16 ஆம்ப் சாக்கெட்டை வைத்தால், இங்கே கீசர் மாட்டலாம் என்று நீங்களே போர்டு எழுதி வைத்த மாதிரி. நீங்கள் மாட்டாவிட்டாலும் அடுத்து குடிவருகிறவர் மாட்டுவார். சுவருக்குள் வயர் சூடாவது யாருக்கும் தெரியாது.

என்னைக் கேட்டால், சாக்கெட்டைக் கடைசியில் வாங்குங்கள். முதலில் டிபி பாக்ஸிலிருந்து (எம்சிபிகள் வரிசையாக இருக்கிற பெட்டி) அந்த இடம்வரை தனி லைன் வருகிறதா, எர்த் வயர் உண்மையிலேயே மண்ணுக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும். கடைக்கு வருகிற பலர் டிசைனும் கலரும் பார்த்துச் சாக்கெட்டுக்கு அரை மணி நேரம் செலவழிக்கிறார்கள். வயருக்கு வந்தால் "ஏதாவது ஒண்ணு குடுங்க" என்கிறார்கள்.

சரி, என்ன வயர் போடணும்? ரெண்டரையா, நாலா?

சாதாரண 16 ஆம்ப் பாயிண்டுக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் செம்புக் கம்பி. ஏசிக்கும் 3000 வாட் கீசருக்கும் 4. பேஸ், நியூட்ரல் இரண்டும் அதே தடிமன், எர்த்தையும் ஒல்லியாக்காதீர்கள்.

தூரமும் ஒரு கணக்கு. டிபி பாக்ஸ் முன்வாசலில், ஏசி மாடியில் பின்பக்க அறையில் என்றால் வயர் 20 மீட்டர் போய்விடும். 2.5 வயரில் 10 ஆம்ப் ஓடினால் அந்த 20 மீட்டரில் மூன்று வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலையும். 4 வயரில் இரண்டு வோல்ட் பக்கம்தான். மே மாதத்து ராத்திரி, தெருவெல்லாம் ஏசி ஓடும்போது கம்பத்திலிருந்தே 205, 210 என்று வருகிற வீடுகளில் இந்த ஓரிரு வோல்ட்டும் கணக்குதான்.

வயரின் மேல் ஐஎஸ் 694 என்றும், அளவும், கம்பெனிப் பேரும் அடிக்கு அடி அச்சாகியிருக்கும். நகத்தால் சுரண்டினால் எழுத்து போகிறதா, உள்ளே இழைகள் செம்பு நிறத்தில் இருக்கின்றனவா, முலாம் பூசிய அலுமினியமா என்று ஓரத்தை வெட்டிப் பாருங்கள். நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கீசரும் வாஷிங் மெஷினும் பக்கத்துல பக்கத்துல தானே? ஒரே லைன்ல இழுத்துக்கலாமா?

கூடாது. 8.7-உம் 8.7-உம் 17.4. வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் குளித்துத் துவைக்கிற ஞாயிற்றுக்கிழமை காலையில் லைன் 16 ஆம்பியரைத் தாண்டும், எம்சிபி சூடேறி விழலாம். அடுத்து நீங்கள் கேட்கப்போவது கீழே இருக்கிற கேள்வி.

எம்சிபி அடிக்கடி விழுது. 32 போட்டுட்டா தொல்லை விட்டுது இல்ல?

தொல்லை எம்சிபிக்கு விட்டுது, வயருக்கு ஆரம்பம். எம்சிபி பாதுகாப்பது உங்கள் கீசரை அல்ல, சுவருக்குள் இருக்கிற வயரை. 2.5 வயருக்கு 16 ஆம்ப் எம்சிபி, 4 வயருக்கு 20 அல்லது 25. வயரை மாற்றாமல் எம்சிபியை மட்டும் பெரியதாக்குவது, அந்தக் காலத்தில் பீஸ் கட்டையில் தடித்த கம்பி சுற்றின வேலையேதான்.

ஒரு விவரம் சொல்கிறேன். எம்சிபி தன் அளவைத் தாண்டின உடனே விழுந்துவிடாது. தரக்குறியீட்டின்படி, அளவைப்போல 1.13 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரம் விழாமல் நிற்க வேண்டும், 1.45 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். 32 ஆம்ப் எம்சிபியில் 36 ஆம்ப் ஒரு மணி நேரம் தாராளமாக ஓடும். அதற்குள் பைப்புக்குள் 2.5 வயரின் தோல் இளகிவிடும். வேலை கற்ற புதிதில் என் மாமா வீட்டில் இதே தப்பை நானே செய்தேன். எட்டு மாதத்தில் ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தபோது வயரின் தோல் அப்பளம்போல் நொறுங்கியது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. அத்தை இன்றும் சொல்லிக் காட்டுகிறார்.

விழுவதற்குக் காரணம் தேடினால் பெரும்பாலும் ஓவர்லோடு, இல்லாவிட்டால் எம்சிபியின் திருகு லூஸாகிச் சூடேறுவது. அப்புறம் ஏசிக்கு 'சி' வகை எம்சிபி வாங்குங்கள். 'பி' வகை கம்ப்ரஸர் கிளம்பும் நொடியிலேயே விழுந்துவிடலாம்.

எம்சிபி இருக்கும்போது ஆர்சிசிபி வேற எதுக்கு? கடைக்காரர் தலையில கட்டறீங்களா?

நியாயமான சந்தேகம். எம்சிபி விழ 16 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். ஆளைக் கொல்ல அதில் நூறில் ஒரு பங்குகூட வேண்டாம். உங்கள் உடம்பு வழியாகக் கரண்ட் மண்ணுக்குப் போனால் எம்சிபி அதை ஒரு சின்ன பல்பு என்று நினைத்துக்கொண்டு சும்மா இருக்கும்.

ஆர்சிசிபி, பேஸில் போனது நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று எண்ணிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வாங்க வேண்டியது 30 மில்லி ஆம்ப். அவ்வளவு குறைந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் வெட்டிவிடும். ஆனால் அதற்கு ஓவர்லோடு தெரியாது, எனவே எம்சிபியும் கூடவே வேண்டும். இரண்டும் சேர்ந்தது வேண்டுமென்றால் ஆர்சிபிஓ என்று கேளுங்கள். கீசர் லைனுக்கு மட்டும் ஒன்று போட்டாலும் நல்லது. அதன் முகத்தில் 'டி' என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள், டப்பென்று விழ வேண்டும். விழாவிட்டால் அது இருந்தும் இல்லாததுதான். அமாவாசைக்கு வாசலில் பூசணி உடைக்கிற வழக்கம் இருந்தால் அன்றைக்கே இதையும் அழுத்திவிடுங்கள், மறக்காது.

ஆர்சிசிபி போட்ட நாள்லேருந்து சும்மா சும்மா விழுது. கழட்டிடலாமா?

கழற்ற வேண்டாம். அது காரணமில்லாமல் விழாது. முதலில் இன்வெர்ட்டரை (ஏசியில் இருப்பது அல்ல, கரண்ட் போனால் பேட்டரியில் ஓடுவது) சந்தேகப்படுங்கள். இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலை மற்ற லைன்களின் நியூட்ரலோடு சேர்த்து முறுக்கியிருந்தால், போன வழி ஒன்று, வந்த வழி ஒன்று என்றாகி எண்ணிக்கை தப்பும். இன்வெர்ட்டர் லைனுக்கு நியூட்ரலைத் தனியாகப் பிரித்தால் சரியாகிவிடும்.

அடுத்தது, எல்லா எம்சிபியையும் கீழே தள்ளிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைன். இதில் ஒரு சூட்சுமம்: எல்லாவற்றையும் தள்ளியும் ஆர்சிசிபி நிற்கவில்லை என்றால், எங்கோ நியூட்ரலும் எர்த்தும் உரசுகின்றன. சாதாரண எம்சிபி பேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் இணைந்தபடியே இருக்கும். அதனால் இந்தக் கோளாறு எம்சிபியைத் தள்ளிப் பார்த்தால் பிடிபடாது. நியூட்ரல் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்; அது வயர்மேன் வேலை.

எங்க வீட்ல எர்த்தே இல்லை. நியூட்ரல்லேருந்து ஒரு லூப் எடுத்து எர்த் பின்ல குடுத்துட்டார் ஒருத்தர். நல்லாத்தானே ஓடுது?

இன்றைக்கே கழற்றச் சொல்லுங்கள். நியூட்ரல் ஒழுங்காக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. எங்காவது நியூட்ரல் விட்டுப்போனால், பேஸ் சாமான் வழியாக வந்து அந்த லூப் வழியாக பிரிட்ஜின் கதவு, வாஷிங் மெஷினின் தகடு என்று எல்லாவற்றிலும் ஏறி நிற்கும். முழு 230 வோல்ட்டும். அந்த நேரத்தில் விளக்கு எரியாது, "கரண்ட் இல்லை போல" என்று நினைத்து ஈரக்கையோடு பிரிட்ஜைத் திறப்பீர்கள்.

எர்த் இல்லாத வீட்டில் பவர் பாயிண்ட் போடுவதற்கு முன் எர்த் போடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் வாடிக்கையாளரோடு சண்டை போட்டதுண்டு.

நாங்க கடற்கரைப் பக்கம். மண்ணே உப்பு, எர்த் தானா நல்லா கிடைக்கும்னு சொல்றாங்களே?

பாதி உண்மை. ஈரமும் உப்பும் உள்ள மண்ணில் கரண்ட் சுலபமாக இறங்கும். அதே உப்புதான் பைப்பையும் தின்னும். சிங்காரத்தோப்பில் ஒரு வீட்டில் போட்டுச் சில வருடமே ஆன ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்), கிளாம்ப் போட்ட இடத்தில் கையால் உடைத்தால் உடைந்தது. வயர் பைப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது, பைப் மண்ணில் இல்லை.

பைப் குறைந்தது இரண்டரை மீட்டர் இறங்க வேண்டும். கரியும் உப்பும் போடுகிற பழைய முறை செம்மண் நிலத்துக்குச் சரி. நம் கடலோரத்தில் உப்பைக் கூடுதலாகக் கொட்டுவதை நான் ஆதரிப்பதில்லை. செம்பு பூசிய கம்பியை இறக்கி பெண்டோனைட் களிமண் நிரப்பினால் செலவு கூடும், ஆயுளும் கூடும். எர்த் குழிக்கு மேல் ஒரு மூடி வைத்து, வருடத்துக்கு ஒருமுறை வயர்மேனை விட்டு எர்த் டெஸ்டர் கருவியில் அளக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு 5 ஓமுக்குள் இருந்தால் நிம்மதி. சாக்கெட்டுகளுக்கும் இதே உப்புக்காற்றுதான் எதிரி. பச்சை பூத்த திருகு என்றால் மாற்றிவிட வேண்டியதுதான்.

ஃபெஞ்சல் புயல்ல போர்டு முங்கிடுச்சு. காய வைச்சு ஓட்டிக்கிட்டு இருக்கோம். போதாதா?

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் பாண்டி பக்கம் கரையேறியது. பாண்டியில் மட்டும் ஒரே நாளில் 48 செ.மீ. மழை. இரண்டு நாள் கழித்து, சாத்தனூர் அணைத் தண்ணீரோடு தென்பெண்ணை கடலூருக்குள் வந்தது. அந்த வாரம் கடையில் வந்து நின்றவர்கள் எல்லோருக்கும் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். முங்கின சாக்கெட், சுவிட்ச், எம்சிபி, ஆர்சிசிபி எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். வெயிலில் வைத்தால் தண்ணீர்தான் போகும், உள்ளே படிந்த சேறும் உப்பும் போகாது. முங்கின எம்சிபி விழ வேண்டிய நேரத்தில் விழாது. வயரை மட்டும் மாற்றாமல் விட்டுவிடலாம், ஆனால் இன்சுலேஷன் டெஸ்ட் (வயரின் தோலில் கசிவு இருக்கிறதா என்ற சோதனை) பார்த்த பிறகு.

மறுபடி போடும்போது தரைத்தள போர்டுகளை மேலே ஏற்றுங்கள். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயலுக்குப் பிறகு வீட்டை ரிப்பேர் செய்தபோதே நான்கரை அடிக்கு ஏற்றியவர்கள், ஃபெஞ்சலில் தப்பித்தார்கள்.

பாத்ரூம்ல கீசர் பாயிண்ட் எங்க வைக்கறது?

சாக்கெட் கீசருக்குப் பக்கத்தில், குளிக்கிறவர் கை எட்டாத உயரத்தில், ஷவர் தெறிக்காத சுவரில். சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே. அந்த சுவிட்சும் 20 ஆம்ப் டிபி சுவிட்சாக இருக்கட்டும், அதாவது பேஸையும் நியூட்ரலையும் சேர்த்தே வெட்டுகிற வகை. (டிபி பாக்ஸ் வேறு, டிபி சுவிட்ச் வேறு. குழப்பத்தில் ஒருத்தர் பாக்ஸையே வாங்கிக்கொண்டு போய்விட்டார்.)

பிரான்ஸ்லேருந்து அண்ணன் ஒரு ஓவன் கொண்டுவந்திருக்கார். பாண்டி வீட்ல அப்படியே மாட்டலாமா?

பாண்டியில் சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்கள்) குடும்பங்களில் இது அடிக்கடி வரும். பிரான்சிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், அதனால் சாமான் ஓடும். சிக்கல் பிளக்கில். அவர்கள் பிளக்கில் இரண்டு உருண்டைப் பின்தான். எர்த் பின் அங்கே சாக்கெட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும், பிளக்கில் அதற்கு ஓட்டை இருக்கும். நம் 6 ஆம்ப் சாக்கெட்டில் அந்தப் பிளக் லொடலொடவென்று நுழைந்துவிடும், ஓடவும் ஓடும், எர்த் மட்டும் சேராது. 2000 வாட் ஓவனுக்கு அது போதாது. பிளக்கை வெட்டிவிட்டு நம் 16 ஆம்ப் பிளக்கைப் போடுங்கள்: பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் எர்த். நம் ஊர் த்ரீ பேஸ் வயரிங்கில் நீலம் ஒரு பேஸ். இதை வயர்மேனுக்கு ஞாபகப்படுத்துங்கள்.

அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட் சாமான் என்றால் மாட்டவே வேண்டாம். ஒரு பொங்கலுக்கு அப்படி மாட்டின மிக்ஸியிலிருந்து வந்த புகையைப் பார்த்திருக்கிறேன்.

த்ரீ பேஸ் வாங்கிட்டா எல்லா பிரச்சினையும் தீர்ந்துடுமா?

லோடு பிரியும், அவ்வளவுதான். ஒவ்வொரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் அதே 230; இரண்டு பேஸ்களுக்கு இடையில்தான் 400. ஏசி ஒரு பேஸில், கீசர் ஒன்றில், மோட்டாரும் மற்றதும் ஒன்றில் என்று பிரித்து வைத்தால் நல்லது. ஒரு பேஸ் போனதும் செலெக்டரைத் திருப்பி எல்லாவற்றையும் ஒரே பேஸில் ஏற்றுகிறோமே, அப்போது ஏசியையும் கீசரையும் நிறுத்திவிடுங்கள்.

த்ரீ பேஸ் வீட்டில் பயப்பட வேண்டியது நியூட்ரல் அறுவதற்கு. புயலில் கிளை விழுந்து நியூட்ரல் கம்பி அறுந்தால், லோடு குறைவாக இருக்கிற பேஸில் வோல்டேஜ் 300-ஐத் தாண்டி 400 பக்கம் போகும். ஒரு அறையில் விளக்கு பளீரென்று, இன்னொரு அறையில் மங்கல் என்றால் யோசிக்காதீர்கள், மெயினை இறக்குங்கள். டிவியை ஆஃப் பண்ணப் போகாதீர்கள், நேராக மெயினுக்குப் போங்கள்.

கார் ஷெட்ல எலெக்ட்ரிக் வண்டி சார்ஜ் பண்ண 16 ஆம்ப் பாயிண்ட் போதுமா?

ஸ்கூட்டருக்குப் போதும். பெரும்பாலான ஸ்கூட்டர் சார்ஜர்கள் 1000 வாட்டுக்குள். காரோடு வருகிற 3.3 கிலோவாட் சார்ஜர் 14 ஆம்பியருக்கு மேல். இஸ்திரிப் பெட்டி பத்து நிமிஷம், கீசர் அரை மணி. கார் ராத்திரி முழுக்க. சாதாரண 16 ஆம்ப் சாக்கெட் அவ்வளவு நேரம் அந்த அளவில் ஓடினால் சூடாகும், கொஞ்சம் லூஸ் இருந்தாலும் மேலே சொன்ன பழுப்பு வளையம் வந்துவிடும். நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட், 4 ஸ்கொயர் எம்எம் வயர், தனி ஆர்சிபிஓ. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

இதுக்கெல்லாம் இபிக்குச் சொல்லணுமா?

ஒரு சாக்கெட் கூடுதலாக வைப்பதற்கு வேண்டாம். ஆனால் உங்கள் இணைப்புக்கு அனுமதித்த லோடைத் தாண்டினால் கூடுதல் லோடுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு ஏசி, இரண்டு கீசர் என்று போகிறவர்கள் எண்ணிப் பாருங்கள். கடலூர்க்காரர்களுக்கு மின்வாரியம், பாகூர், கிருமாம்பாக்கம்காரர்களுக்குப் புதுச்சேரி மின்துறை. எல்லைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் அடிக்கடி மாறிப் போய் நிற்கிறார்கள்.

யூடியூப் பாத்து நானே போட்டுக்கலாமா?

சாக்கெட் முகத்தட்டைத் துடைக்கலாம், மெயினை இறக்கிவிட்டு. சூடாகிறதா என்று கீசர் ஓடி அரை மணி கழித்துப் புறங்கையால் பிளக்கைத் தொட்டுப் பார்க்கலாம். டெஸ்ட் பொத்தானை அழுத்தலாம். புது லைன் இழுப்பது, டிபி பாக்ஸைத் திறப்பது, எர்த் போடுவது எல்லாம் வயர்மேன் சான்றிதழ் உள்ளவர் வேலை. டெஸ்டர் எரிந்தால் பேஸ் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். நியூட்ரல் இருக்கிறதா, எர்த் இருக்கிறதா என்று அது சொல்லாது. யூடியூப் தம்பிகளில் பலர் இதைச் சொல்வதில்லை.

எல்லாம் மாத்தியாச்சு. ஆனா வாஷிங் மெஷினைத் தொட்டா இன்னும் சுர்ருங்குது. ஏன்?

மெஷினுக்குள் கரண்ட் வரும் இடத்தில் இருக்கிற ஃபில்டர் (பஞ்சு பிடிக்கிற ஃபில்டர் அல்ல) வழியாகக் கொஞ்சம் கரண்ட் மெஷினின் தகட்டுக்கு வருவது இயல்பு. எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும், நமக்குத் தெரியாது. தெரிகிறது என்றால் அந்த சாக்கெட்டில் எர்த் எங்கோ விட்டிருக்கிறது. வயர் வந்திருக்கும், திருகில் மாட்டியிருக்க மாட்டார்கள். இல்லாவிட்டால் பைப் முனையில் துரு. சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு எர்த் குழி வரைக்கும் தேடச் சொல்லுங்கள். செருப்பு போட்டுக்கொண்டு தொட்டால் ஷாக் இல்லை என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. வீட்டில் குழந்தை செருப்போடா நடக்கும்?

கடைசியா கேக்கறேன், எவ்வளவுதான் ஆகும்?

சாக்கெட், சுவிட்ச், பாக்ஸ், எம்சிபி இவற்றின் விலை எந்த வீட்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பில்லை ஏற்றுவதும் இறக்குவதும் வயரின் நீளமும், சுவரை வெட்டும் கூலியும்தான். அதனால் கடைக்கு வரும் முன் ஒரு சணல் கயிற்றை எடுங்கள். டிபி பாக்ஸில் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மேலே ஏறி, சுவரோடு போய், சாமான் வரும் இடத்தில் இறக்குங்கள். குறுக்கே இழுக்காதீர்கள், வயர் குறுக்கே போகாது. அந்தக் கயிற்றை அளந்து மூன்றால் பெருக்குங்கள், பேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று, எர்த்துக்கு ஒன்று. ஒவ்வொரு வயருக்கும் இரண்டு முனையிலும் ஒரு முழம் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய வீடாக இருந்து கன்சீல்டு பைப்பில் (சுவருக்குள் பதித்த பைப்) இடமில்லை என்றால் வெளியே கேசிங் (வயர் போகிற பிளாஸ்டிக் பட்டை) போட வேண்டியிருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் துண்டுச் சீட்டோடு வந்தால் ஐந்து நிமிஷத்தில் கணக்கு போட்டுச் சொல்லிவிடுவேன்.